சாமியிடம் பொய் சொல்லலாமா?

குழந்தைகள் கேட்கும் கேள்விகளுள் சில, பெரியவர்கள் நெடுநாளாக அடியில் ஒதுக்கிவைத்த கோப்பினை எடுத்து மேசைமீது வைத்துவிடுகின்றன. குறிப்பு எழுதாமல் அதனை மீண்டும் ஒதுக்க இயலுவதில்லை. அத்தகைய கேள்வி ஒன்றனைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத மாலையில் நாம் எதிர்கொண்டோம். அன்று விடை கூறாது நழுவினோம். பின்னர்த் தேடிக் கண்ட விடையை, நம்மைப் போன்றே ஊர்விட்டு ஊர் வந்து பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தில்லியில் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராயிருக்கும் நமக்கு, குடியிருப்பு ஒதுக்கீட்டுக்கு அடுத்த பெருங்கவலை பிள்ளையின் பள்ளியே. நம் குடியிருப்பை அடுத்துக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்று உண்டு. மழலையர் வகுப்புகளும் அதனோடு இணைந்தவை. நம் மகளுக்கு அங்கே இடம் கிடைத்த நாளில் இல்லத்தில் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். இரண்டாம் ஆண்டில், கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்கு வானதூதர் வேடம் வாய்த்தது. வெள்ளைத் துணியும் சரிகைத் தாளும் வாங்கித் தருமாறு டைரியில் குறிப்பு வந்தது. குழந்தைக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்த நம் அன்னையாருக்கோ மனக்கலக்கம். "படிக்கத்தானே அனுப்பினோம், பாடவுமா அனுப்பினோம்?" என்றார்.

இருபக்கமும் நோகாமல் கோப்பை நகர்த்துவது நம் தொழிற்பழக்கம். ஆகவே குழந்தையைத் தனியே அழைத்து, "பாட்டு வரும்போது வாயை மட்டும் அசைச்சுக்கோ, கண்ணு. மனசுக்குள்ள நம்ம முருகனை நெனச்சுக்கோ" என்றோம். அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அப்பா, அப்ப சாமிகிட்டப் பொய் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"போய் வீட்டுப்பாடத்தை எழுது" என்றோம்.

கேள்வி சிறிது, ஆயின் அதனுள் இரண்டு அறங்கள் மோதுகின்றன. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் உள்ளன. முன்னது இல்லறவியலிலும் பின்னது துறவறவியலிலும் வைக்கப்பெற்றுள்ளன. நம் பிள்ளைக்கு எழுத்தறிவிப்போரின் விழாவில் மனமுவந்து கலந்துகொள்வது நன்றியறிதல். நம்பாத ஒன்றை நம்பியதுபோல் காட்டாதிருப்பது வாய்மை. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிட வேண்டுமா என்பதே நம்முன் நின்ற வினா.

பள்ளியின் நாளும் ஆண்டும்

விடை காணுமுன் அப்பள்ளியில் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதைக் காண்போம். காலைக் கூட்டத்தில் குழந்தைகள் வரிசையாக நிற்கின்றனர். கத்தோலிக்கக் குழந்தைகள் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் கைதொட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கின்றனர். ஏனையோர் கைகூப்பி நிற்கின்றனர். கர்த்தர் கற்பித்த செபம் சொல்லப்பெறுகிறது. பிறகு செய்தித் தலைப்புகளும் நாட்டுப்பண்ணும். மழலையர் வகுப்பில் மணி கோத்தல், களிமண் உருட்டுதல், பாட்டுக்குக் கைதட்டுதல் என்று பொழுது செல்கிறது. நண்பகலில் உணவுப் பெட்டியைத் திறக்குமுன் ஒரு சிறு செபம் உண்டு. நம் மகள் வீட்டிலும் தயிர்சாதத்தின் முன் கண்மூடிக் கைகூப்பத் தொடங்கினாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி சாமியை நெனைக்கிறது நல்ல வழக்கம், நம்ம பெரியவங்க சொன்னதுதான்" என்று அன்னையார் பூரித்தார். அவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நாமும் சொல்லவில்லை.

எழுத்துக் கற்பிக்கும் முறையையும் குறிப்பிடல் வேண்டும். மணல்தாளில் எழுத்தின் வடிவை வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கின்றனர். குழந்தை அதன்மீது விரலால் தடவித் தடவி எழுத்தைக் கைக்குப் பழக்குகிறது. இது மரியா மாண்டிசோரி அம்மையார் வகுத்த முறை. கத்தோலிக்கரான அவர், 1907-ஆம் ஆண்டு ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியொன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையினரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். அழைத்தவர் நெறி வேறு, வந்தவர் நெறி வேறு. இருவரையும் ஓரிடத்தில் சேர்த்தவர்கள் குழந்தைகளே.

விசயதசமி நாளில் நம் அன்னையார் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, அதே குழந்தையின் அதே விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் முன்னோர் மணலில் எழுதிப் பழகியதும் இவ்வகையே. 1948-ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவின் மோதிஜீல் சேரியில், பலகையோ இருக்கையோ இன்றித் தரையில் குச்சியால் எழுத்தை வரைந்தே அன்னை தெரசா தம் பாடத்தைத் தொடங்கினார். விரலும் மண்ணும் கூடும் அவ்விடத்தில், கல்வியை இன்னாருடையது என்று பிரித்துச் சொல்வது அரிது.

விழாக்களும் அவ்வாறே பின்னிக் கிடக்கின்றன. ஆகஸ்ட் 15 நாட்டின் விடுதலைத் திருநாள். அன்றே கத்தோலிக்கர்க்கு மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. செப்டம்பர் 5 ஆசிரியர் நாள். நவம்பர் 14 குழந்தைகள் நாள். அன்று ஆசிரியைகள் ஆடிப்பாடக் குழந்தைகள் அமர்ந்து கைதட்டுகின்றனர். தீபாவளிக்கு அகல்விளக்குகளுக்கு வண்ணம் தீட்டுகின்றனர். டிசம்பரில் குடில் எழுகிறது. 1223-ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில், ஏழையாய்ப் பிறந்த இயேசு பாலனின் நிலையைக் கண்ணாரக் காண விரும்பிய அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ், வைக்கோலும் மாடும் கழுதையுமாக ஒரு தொழுவக் காட்சியை அமைத்தார். குடில் அமைக்கும் வழக்கம் அதனின்றும் வளர்ந்து பரவியது. நவராத்திரிக் கொலுவைக் கண்டு வளர்ந்த நம் பிள்ளைக்கு அது அயலாகத் தோன்றவே இல்லை.

இரண்டு எளிய விடைகள்

அலுவலக நண்பர்களிடம் மகளின் கேள்வியைக் கூறினோம். இருவகை விடைகள் கிடைத்தன.

முதல் விடை: "எல்லாச் சாமியும் ஒன்றுதான், இதில் பொய் ஏது?" என்பது. இது நல்லெண்ணத்தில் பிறந்த சொல்லே. ஆயினும் அதனைச் சொல்பவர் பெரும்பாலும் தம் சமயத்தையும் ஆராய்ந்தவரல்லர். பிறர் சமயத்தையும் ஆராய்ந்தவரல்லர். அப்பள்ளியின் கன்னியாஸ்திரி அதனை அவ்வாறே ஒப்பமாட்டார். நம் அன்னையாரும் ஒப்பமாட்டார். இருவரும் தத்தம் நம்பிக்கையை உயிராகக் கொண்டவர்கள். வேறுபாட்டை இல்லையென்று துடைத்துவிட்டால் சிந்திக்கும் தொல்லை நமக்குக் குறையும், அவ்வளவே.

இரண்டாம் விடை: "கல்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; மற்றதை விட்டுவிடுங்கள். பாலைப் பருகி நீரை விடும் அன்னம்போல் இருங்கள்" என்பது. நாமும் முதலில் இதனையே அறிவுடைமை என்று கருதினோம். பின்னர் ஐயம் பிறந்தது. அக்கன்னியாஸ்திரி விடியுமுன் எழுந்து செபித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறார். நாற்பது குழந்தைகளின் மூக்கைத் துடைக்கிறார். காலணிக் கயிற்றைக் கட்டிவிடுகிறார். அந்தப் பொறுமைக்கு ஊற்று அவருடைய வழிபாடு என்று அவரே நம்புகிறார். அங்ஙனமாயின் எது பால், எது நீர்? ஊற்றை இகழ்ந்துகொண்டே அதன் நீரை மொண்டு குடிப்பதை அன்னத்தின் செயல் என்று போற்ற நமக்கு மனம் வரவில்லை.

மௌனமும் மரியாதையே

இதற்கிடையில் ஒத்திகை நாள் வந்தது. நம் மகள் வாயைத் திறந்து பாடவும் இல்லை, பாடுவதுபோல் அசைக்கவும் இல்லை. காரணம் கேட்ட சிஸ்டரிடம், "அப்பா சும்மா அசைக்கச் சொன்னார், அது பொய் இல்லையா?" என்று உள்ளதை உள்ளபடி உரைத்துவிட்டாள். மறுநாள் நாம் அழைக்கப்பெற்றோம். குறிப்பாணை பெற்ற ஊழியர்போல் சென்று நின்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "குழந்தைக்கோ உங்களுக்கோ விருப்பம் இல்லையென்றால் அவள் பாட வேண்டாம். எல்லோருடனும் சும்மா நிற்கட்டும். சிறகு அவளுக்கு உண்டு. ஆனால் பாடுவதுபோல் நடிக்கச் சொல்லாதீர்கள். இங்கே நடிக்கக் கற்றுக்கொண்டால் நாளைக்கு உங்கள் பூசையறையிலும் நடிப்பாள்" என்று இந்தியில் கூறினார்.

அன்று பேருந்தில் திரும்பும்போது கேரளத்து வழக்கொன்று நினைவுக்கு வந்தது. 1985-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பள்ளியில், யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், நாட்டுப்பண் இசைக்கப்பெறும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர். ஆயின் தம் சமயக் கொள்கையின் காரணமாகப் பாடவில்லை. அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பெற்றனர். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு தீர்ப்பளித்தது. எழுந்து நிற்பது மரியாதை. மனச்சான்று தடுக்கும்போது பாடாதிருப்பது அவமதிப்பாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நாட்டுப்பண் வேறு, செபம் வேறு என்பது உண்மையே. எனினும், உதடு அசையாமலே ஒருவர் பிறரை மதிக்க முடியும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொருந்தும்.

இதனை எண்ணியபோது நம் குழப்பத்தின் முடிச்சு அவிழ்ந்தது. நடிப்பு, மரியாதை, வழிபாடு என்னும் மூன்றும் வெவ்வேறு செயல்கள். நாடகத்தில் வானதூதராக வருவது நடிப்பு. காண்போர் அனைவரும் அதனை நாடகம் என்று அறிவர்; ஆகவே அதில் பொய் இல்லை. தெருக்கூத்தில் துரியோதனனாக ஆடுபவரை நாம் கொடியவர் என்பதில்லை. பிறர் செபிக்கும்போது கைகூப்பி அமைதியாக நிற்பது மரியாதை. 'இது உமக்குப் புனிதம். நான் உம்மை மதிக்கிறேன்' என்று அக்கைகள் கூறுகின்றன. அதுவும் உண்மையே. உள்ளம் கரைந்து இறைவனை நோக்கிப் பேசுவது வழிபாடு. ஒன்றனை மற்றொன்றாகக் காட்டும்போதே பொய் பிறக்கிறது. நம் மகளின் வேடத்தில் பொய் இல்லை. கூப்பிய கையிலும் பொய் இல்லை. நாம் கற்பித்த உதட்டசைவில்தான் பொய் இருந்தது.

நான்கு வயதுக் குழந்தைக்கு இவ்வேறுபாடு விளங்குமா, மனம் மெழுகன்றோ என்று வினவலாம். நியாயமான வினா. ஆயின் நம் பூசையறையில் அதே குழந்தையின் கைகளைச் சேர்த்துக் கூப்பவைத்தபோது அதன் சம்மதத்தை நாம் கேட்டோமா? எங்கும் குழந்தை முதலில் கற்பது செயலை. பொருள் பின்னர் வருகிறது. பொருளைச் சொல்லித் தரவேண்டிய காலத்தில் உண்மையைச் சொல்கிறோமா என்பதே பெற்றோரின் பொறுப்பு.

இருதரப்புக் கடமை

கடமை பள்ளிக்கும் உண்டு. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையம் நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு தருகிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிலையத்தில், தம் இசைவின்றி, சிறாராயின் காப்பாளரின் இசைவின்றி, எவரையும் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தலாகாது என்று 28-ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கல்விப் பிரிவும் 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் பள்ளிகளுக்கு வழிகாட்டு நெறிகளை விடுத்தது. பிற சமய மாணவர்மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கலாகாது. காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும். எல்லாச் சமயத்தார்க்கும் உரிய வழிபாட்டு அறை அமைக்கலாம் என்பன அவற்றுள் சில. சிஸ்டர் நம்மிடம் கூறியதும் இதே பண்பின்பாற்பட்டதே.

இனி நம் கடமை யாது? அலுவலகத்தில் ஒரு வரிக் குறிப்பையும் இருமுறை படித்தே கையொப்பமிடும் நாம், பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் என்ன இருந்தது என்று படிக்காமலே கையொப்பமிட்டோம். இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தோம். இசைவை எழுத்தில் கொடுத்துவிட்டு, வீட்டில் குழந்தையின் காதில் மட்டும் மறுப்பை ஓதினோம். மறுப்பு உண்மையாயின் அதனைப் பள்ளியிடமே பணிவுடன் கூறியிருக்க வேண்டும். கூற அஞ்சியது நாம். அவ்வச்சத்தின் சுமையைத் தூக்கச் சொன்னது ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தையை.

மற்றொன்றும் உண்டு. பிறர் செபத்தைக் கண்டு நாம் அஞ்சியதற்கு உண்மையான காரணம், நம் வீட்டில் நாம் ஒன்றும் கொடுக்காதிருந்ததே. 'முருகனை நினைத்துக்கொள்' என்றோமேயன்றி, முருகன் கதை ஒன்றனையேனும் அவளுக்கு அமர்ந்து சொன்னோமல்லோம். எந்தப் பெருமகனார் பிறந்த நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோமோ, அந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் புராட்டஸ்டண்ட் சபையினர் நடத்திய வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். இந்து சமயத்தைப் பற்றி அங்கே கேட்ட கண்டனங்களே அதனை ஆராயத் தம்மைத் தூண்டின என்று அவரே எழுதியுள்ளார். வேதாந்தத்தின் அறநெறி பற்றிய அவர்தம் ஆய்வு 1908-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அயலார் கேள்வி அவரைத் தம் வீட்டு நூல்களிடம் திருப்பி அனுப்பியது. திரும்பிச் செல்ல வீட்டில் ஏதேனும் இருந்தாலன்றோ குழந்தை திரும்பும்?

எதிர்த்திசையில் ஒரு சான்று வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவியாகிய அவர் தம் சமயத்தைப் பரப்பவே தமிழகம் வந்தார். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். சூசையப்பரைத் தலைவராக்கித் தேம்பாவணி என்னும் தமிழ்க் காப்பியம் பாடினார். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்தெழுதும் இன்றைய முறை அவர் செய்த சீர்திருத்தம் என்பர். பிறர் நூலுள் இத்துணை ஆழமாக நுழைந்தும் அவர் தம் நம்பிக்கையை இழந்தாரில்லை. நம் மகள் 'ஏணி' என்று எழுதும்போதெல்லாம் ஒரு கத்தோலிக்கத் துறவியின் கைவண்ணம் அவள் ஏட்டில் பதிகிறது.

நம்மிடையே கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு இக்கேள்வி தலைகீழாக எழுகிறது. நம் குடியிருப்பில் தமிழர் கூடிச் சரசுவதி பூசை நடத்தும்போது, அக்குடும்பத்துக் குழந்தை ஓரமாக அமைதியாய் நிற்கிறது. சுண்டலை மகிழ்ந்து பெறுகிறது. குங்குமத்தை மட்டும் வேண்டாமென்கிறது. அதனை நாம் அவமதிப்பாகக் கொள்ளலாமா? நம் குழந்தைக்கு எந்த அளவை வேண்டுகிறோமோ அதே அளவையால் அக்குழந்தையையும் அளப்பதே நடுநிலை.

விழா நாளில் மகளிடம், "இது அவங்க சாமியோட கதை. கதையில நீ தூதர். பாடணும்னு தோணினாப் பாடு. இல்லேன்னா கைகூப்பி நில்லு. ரெண்டும் பொய் இல்லை" என்றோம். அவள் பாடினாள். மூன்றாம் வரிசையில் அமர்ந்து பார்த்த அன்னையார், "சிறகு ஒரு பக்கம் சாஞ்சிருந்தது, யாராவது சரிபண்ணியிருக்கலாம்" என்று மட்டும் குறை சொன்னார்.

அடுத்த நவராத்திரியில் மற்றொரு பாடம் நமக்குக் காத்திருந்தது. மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி. சோட்டாநாகபுரியிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். மறைக்கல்வி வகுப்புக்கு அவள் ஓர் அறைக்கும், நன்னெறி வகுப்புக்கு நம் மகள் மற்றோர் அறைக்கும் பிரிந்து செல்வர். மணியடித்ததும் கைகோத்து ஓடுவர். அத்தோழி தன் குடிலிலிருந்து மண்ணாலான பாலன் இயேசுவையும் ஓர் ஆட்டுக்குட்டியையும் கொலுவுக்கென்று அன்போடு கொடுத்தனுப்பினாள். அன்னையார் ஆட்டுக்குட்டியைக் கீழ்ப்படியில் வைத்தார். பாலனை வைக்க மறுத்தார். குறுகிய மனம் என்று நாம் உள்ளூர வெகுண்டோம். அவர் கூறினார்: "அவங்க கும்பிடற சாமி இது. கொலுவில வச்சா ஒன்பது நாளும் விளக்கேத்தி நைவேத்தியம் பண்ணணும். மனசோட பண்ணுவியா? பண்ணமாட்டேன்னா அழகுக்கு வைக்கக் கூடாது. அந்தப் பெண்கிட்டயே பத்திரமாக் குடுத்துடு; அவ வீட்டுல விளக்கேத்துவாங்க."

நூல்கள் பல புரட்டியும், தீர்ப்புகளை நினைவுகூர்ந்தும் நாம் வந்து சேர்ந்த இடத்துக்கு அன்னையார் ஒரு மண்பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டே வந்துவிட்டார். பாலனைப் பட்டுத் துணியில் சுற்றி, கூடவே ஒரு பொட்டலம் சுண்டலும் வைத்து, தோழியின் வீட்டுக்கு மகளிடம் கொடுத்தனுப்பினார். ஆட்டுக்குட்டி ஆண்டுதோறும் நம் கொலுவில் நிற்கிறது.

பிறர் பள்ளியில் நம் பிள்ளைகள் பயிலும் காலம் இது. அவர்கள் அங்கே கைகூப்பட்டும், மனமொப்பினால் பாடட்டும், ஒப்பாவிடில் அமைதியாய் நிற்கட்டும். கற்பித்தவர்க்கு நாம் வாய்திறந்து நன்றி கூறுவோம். மறுக்க வேண்டியதை நேரே மறுப்போம். நம்முடையதை வீட்டில் அமர்ந்து சொல்லிக் கொடுப்போம். சாமியிடம் பொய் சொல்லலாமா என்று எந்தக் குழந்தையும் நம்மைக் கேட்கவேண்டிய நிலையை மட்டும் இனி உண்டாக்காதிருப்போம்.